பெயரும் பீடும்: ஊர் நடுகல், போர் நினைவுக்கல் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு பலகைக்கல் நிற்கிறது. வில்லும் கத்தியும் ஏந்திய ஆள் உருவம், தலைக்கு மேல் நான்கைந்து வரி எழுத்து. ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். இது சாமியா, போரில் இறந்தவர் நினைவுக்கல்லா? – திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

இரண்டும்தான். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேடியப்பன் என்று வணங்கப்படும் கற்களில் பல நடுகற்கள். சண்டையில் விழுந்த ஒருவருக்கு ஊரார் நட்ட கல் அது. பெயர் மறந்துபோன பிறகும் கும்பிடு நிற்கவில்லை. கல் இன்றுவரை பிழைத்திருப்பதும் அந்த வழிபாட்டால்தான்.

உருவத்தை முதலில் பாருங்கள். உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலடியில் மாடுகள் இருக்கின்றனவா? இருந்தால் ஆநிரைச் சண்டை. மாட்டு மந்தையைக் கவர்ந்ததாலோ, கவர்ந்தவர்களிடமிருந்து மீட்டதாலோ வந்த சாவு. செங்கம் பகுதிக் கற்களில் வீரனின் காலருகே கெண்டியும் (மூக்குள்ள நீர்ச்செம்பு) சிமிழும் செதுக்கியிருப்பார்கள். கல் மூன்று அடுக்காக இருந்தால், கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனை ஏந்திச் செல்வது, மேலே சிவலிங்கம் என்று கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்.

எல்லா வீரக்கல்லும் போர்க்கல் அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். எதிரே புலி நின்றால் அது புலிக்குத்திக்கல். தன் கழுத்திலேயே வாளை வைத்திருப்பவர் நவகண்டம் கொடுத்தவர், அதாவது தன்னையே பலியிட்டுக்கொண்டவர். வளையல் அணிந்த கை மட்டும் உயர்ந்து நின்றால், அல்லது பக்கத்தில் ஒரு பெண் உருவம் கை தூக்கி நின்றால், அங்கே உடன்கட்டை ஏறிய பெண்ணும் நினைக்கப்படுகிறாள்.

அடுத்து எழுத்து. பல்லவர் காலத்துச் செங்கம் நடுகற்கள் வட்டெழுத்து என்னும் பழைய எழுத்து வகையில் இருப்பதால் இன்றைய தமிழ்க் கண்ணுக்குப் புரியாது. ஆனால் வாசகத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ‘கோவிசைய’ என்று தொடங்கி அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் யாருடைய ஆள், வீரன் பெயர், என்ன நடந்தது, கடைசியில் ‘பட்டான் கல்’. ‘தொறு’ என்றால் மந்தை. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்றால் மந்தையை மீட்கும்போது இறந்தான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல்லில் பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, கருந்தேவக்கத்தி என்னும் வீரன், அவனோடு கோவிவன் என்னும் நாய். அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி, உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயரைக்கூட விடாமல் பொறித்த ஊர் அது!

இந்த வழக்கத்தின் வயதும் பெரிது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்ட கற்களில் எழுத்து, வட்டெழுத்துக்கும் முந்தைய தமிழ் பிராமி. ஒன்றின் வாசகம்: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் நடந்த ஆகோள் (மந்தை கவர்தல்) சண்டையில் இறந்த தீயன் அந்தவனுக்கான கல் அது. உருவமே கிடையாது, எழுத்து மட்டும்தான். தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்ற ஆறும் ஒரு வேலைத்திட்டமேதான்: கல்லைத் தேர்ந்து, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களும் இந்த வரிசையிலேயே போகின்றன.

கேள்வி: எழுத்து தேய்ந்திருக்கிறது. சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தின் மேல் எழுதிப் படம் எடுக்கலாமா? – அதே வாசகர்

வேண்டாம். நீங்கள் எந்தக் கோட்டை எழுத்து என்று நினைக்கிறீர்களோ அதைத்தான் சுண்ணாம்பு காட்டும். கல்லின் இயல்பான வெடிப்பு ஒரு கொம்பாகிவிடும்; உண்மையான கொம்பு விடுபடும். பிறகு அந்தப் படத்தைப் பார்த்துப் படிக்கும் எல்லாரும் அதே தவறைப் படிப்பார்கள். அகநானூற்றுப் பாடல் ஒன்றிலேயே இந்தக் கவலை இருக்கிறது: நடுகல்லில் கூரிய உளியால் செதுக்கிய எழுத்து தேய்ந்துபோய், வழிப்போக்கர்களுக்கு வேறு பொருள் தந்துவிடுகிறது.

இரவில் போங்கள். கல்லைத் தண்ணீரும் மென்மையான தேங்காய்நார்த் துடைப்பானும் கொண்டு தூசி போகக் கழுவி, உலரவிடுங்கள். கேமராவைக் கல்லுக்கு நேரெதிரே முக்காலியில் வையுங்கள். டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது. கல்லின் பக்கவாட்டில், அதன் முகத்தை ஒட்டினாற்போல், 10 முதல் 15 டிகிரி சாய்வில் பிடியுங்கள். பள்ளம் எல்லாம் நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும். இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் ஒளி கொடுத்து நான்கு படம் எடுங்கள். ஒளிக்கு இணையாக ஓடும் கோடு அந்தப் படத்தில் மறையும், அடுத்த படத்தில் தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்க மறக்காதீர்கள்.

மைப்படி, அதாவது எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி நகல் எடுப்பது, அடுத்த படி. கழுவிய கல்லை ஈரமாக்கி, நனைத்த மைப்படித் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். காற்றுக்குமிழி நின்றால் அந்த இடம் பொய்யாகும். தாள் முக்கால்வாசி உலர்ந்ததும் மைப்பொதியால் மேலாக ஒற்ற வேண்டும். மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். மை அதிகமாகிவிட்டால் தாளை ஊடுருவிக் கல்லில் கறை படியும். ஆகவே பயிற்சி உள்ளவர் இல்லாமல் செய்யாதீர்கள். செதில் செதிலாகப் பெயரும் கல்லிலும் வெள்ளைச் சலவைக்கல்லிலும் செய்யவே வேண்டாம்.

கேள்வி: கோயில் குடமுழுக்கை ஒட்டி நடுகல்லுக்குப் பெயின்ட் அடித்து, சுற்றி டைல்ஸ் போட ஊரில் முடிவாகியிருக்கிறது. தவறா? – தருமபுரி மாவட்ட வாசகர்

தவறுதான். ஊராரின் அன்பில் குறை இல்லை. செய்யும் முறையில்தான் கேடு. தரையை ஆறு அங்குலம் உயர்த்தினால் கல்லின் அடி வரிகள் மண்ணுக்குள் போய்விடும். மாடுகள், நாய், கெண்டி எல்லாம் இருப்பது அடியில்தான். எனாமல் பெயின்ட் கல்லின் ஈரத்தை உள்ளேயே அடைக்கிறது. சில ஆண்டில் பெயின்ட் உரியும்போது கல்லின் மேல்தோலையும் சேர்த்துப் பெயர்க்கும். சிமென்ட்டைக் கல்லோடு ஒட்டிப் பூசினால் அதிலுள்ள உப்பு கல்லில் ஏறி வெள்ளையாகப் பூத்து, அந்த இடம் மாவாக உதிரும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஆசிட் ஊற்றுவதும் கிரைண்டர் வைத்துத் தேய்ப்பதும் எழுத்தை ஒரே நாளில் அழிக்கும் வேலை. கம்பித் துடைப்பான், அழுத்தத் தண்ணீர்ப் பீச்சு ஆகியவையும் கூடாது.

செய்யக்கூடியது இது. கல்லைச் சுற்றி இரண்டடி விட்டு மேடை கட்டுங்கள். கல்லின் பக்கம் சரளையும் மணலும் மட்டும் இருக்கட்டும், தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். எண்ணெய், மஞ்சள், அபிஷேகத்துக்குக் கல்லின் முன்னால் ஒரு சிறு பீடக்கல் வைத்துவிட்டால் வழிபாடும் நடக்கும், எழுத்தும் பிழைக்கும். பூசாரி ஒத்துக்கொண்டால் ஊர் ஒத்துக்கொள்ளும். அவரிடம் முதலில் பேசுங்கள். நூறாண்டு கடந்த சிற்பமும் கல்வெட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை இடம் மாற்றுவதற்கு முன் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய பள்ளிச் சுவரில் வெள்ளைச் சலவைக்கல் பதித்திருக்கிறது. ஆங்கிலத்தில், ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர்நீத்தனர்’ என்று இருக்கிறது. போர் 1918இலேயே முடிந்ததே? பெயர்கள் ஏன் இல்லை? – வேலூர் மாவட்ட வாசகர்

அது முதல் உலகப் போருக்குப் பின் அன்றைய ஆங்கில அரசு ஊர்களில் பதித்த பலகை. வாசகம் ஊருக்கு ஊர் ஒன்றே. எண்ணிக்கை மட்டும் மாறும். 1919 பிழை அல்ல. 1918 நவம்பர் 11இல் நின்றது சண்டை. ஜெர்மனியோடு அமைதி கண்ட வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28இல். அந்தப் போருக்கான வெற்றிப் பதக்கத்தின் பின்பக்கத்திலும் 1914–1919 என்றுதான் இருக்கும்.

பெயர் இல்லாததுதான் மனதை உறுத்துகிறது. எண்ணிக்கை மட்டும் பதிப்பது உங்கள் ஊரோடு நின்ற வழக்கம் அல்ல. ஈராக்கின் பாஸ்ராவில் அந்தப் போருக்காக எழுப்பிய நினைவிடத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் அனைவருக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும்தான். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சமமின்மையை ஒப்புக்கொண்டது. உங்கள் ஊர் அந்தப் பெயர்களைத் தேடி எழுதினால் நூறாண்டுக் கடன் தீரும்.

தேட வழி இருக்கிறது. அந்த ஆணையத்தின் இணையப் பட்டியல் இலவசம். பெயரைக் கொடுத்துத் தேடினால் ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிக்கிக்கொள்வீர்கள். முதல் மூன்று, நான்கு எழுத்து மட்டும் கொடுங்கள், அல்லது கூடுதல் விவரப் பகுதியில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். மாவட்டத்தை அன்றைய பெயரில் தேட வேண்டும்: வேலூர், திருவண்ணாமலை என்றால் வட ஆற்காடு, தருமபுரி 1965வரை சேலம் மாவட்டம். படைப்பிரிவில் மதராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை), பயனியர்ஸ் (பாதை அமைக்கும் படை), கர்நாடிக் இன்ஃபன்ட்ரி (காலாட்படை) ஆகியவற்றை முதலில் பாருங்கள். தொழிலாளர் படையையும் விட்டுவிடாதீர்கள். துப்பாக்கி தூக்காமல் மூட்டை தூக்கப் போனவர்களும் ஊர் எண்ணிக்கையில் இருக்கலாம்.

வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் அதன் முகத்தைவிட விளிம்பைப் பாருங்கள். லென்ஸ் வைத்து மெல்லத் திருப்பினால் படை எண், பதவி, பெயர், பிரிவு வரிசையாகக் குத்தியிருப்பது தெரியும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது இந்த எழுத்துத்தான். உள்ளங்கையைவிடப் பெரிய, 12 சென்டிமீட்டர் அகல வெண்கல வட்டு ஒன்று பரணில் கிடந்தால், அது இறந்தவர் குடும்பத்துக்குத் தந்தது. அதில் பெயர் மட்டும் இருக்கும், பதவி இருக்காது.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய சலவைக்கற்கள் சிலவற்றில் செதுக்கிய பள்ளத்தில் ஈயம் அடைத்திருப்பார்கள். ஈயம் உதிர்ந்தாலும் அதைப் பிடித்து நிறுத்தத் துளைத்த சிறு குழிகள் நிற்கும். குழிகளின் வரிசையைப் பார்த்தே எழுத்தைச் சொல்லிவிடலாம். ஆகவே ‘எழுத்தே போய்விட்டது’ என்று பலகையை எறிந்துவிடாதீர்கள். கறுப்புப் பெயின்ட்டால் நிரப்பவும் வேண்டாம். சலவைக்கல் அதைக் குடித்துக் கறையாக்கிவிடும். பள்ளிக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றால், இடிப்பதற்கு முன்பே பலகையைச் சுற்றி நான்கு அங்குலம் சுவரோடு சேர்த்துப் பெயர்த்தெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து படைக்குப் போய் இறந்தவர்களுக்குப் புதிதாக நினைவுக்கல் வைக்கப் போகிறோம். என்ன கல், என்ன அளவு, எப்படி நடுவது? – கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்

கருங்கல் வையுங்கள். வெளியில் நிற்கும் சலவைக்கல் மழையில் கரைந்து சர்க்கரைபோல் சொரசொரப்பாகும். பளபளப்பாக்கிய கறுப்பு கிரானைட்டில் வெட்டிய இடம் வெளுத்துத் தெரியும்; பெயின்ட் நிரப்பத் தேவையே இல்லை. நிரப்பினால் வெயிலில் உரிந்து, பாதி தங்கநிறமும் பாதி வெள்ளையுமாகக் கல் அலங்கோலமாகும். பளபளப்புக் கல்லை வடக்கு நோக்கி நிறுத்துங்கள். மற்றத் திசைகளில் வெயில் கண்ணாடிபோல் அடித்துப் பெயர் படிக்க முடியாது. பளபளப்பில்லாத சாம்பல்நிறக் கல் என்றால் கிழக்கு நோக்கி நிறுத்தலாம். காலை ஏற ஏற வெயில் சாய்வாக விழுந்து எழுத்து நன்றாகத் தெரியும்.

எட்டடி உயரம், மூன்றடி அகலம், அரையடி கனம் உள்ள பலகை எடுத்தால் மண்ணுக்கு மேல் ஆறடி, உள்ளே இரண்டடி. மொத்தம் 12 கன அடி. கன அடிக்கு 76 கிலோ என்று வைத்தால் 900 கிலோவுக்கு மேல். ஆள் பலத்தால் தூக்கி நிறுத்த முயலாதீர்கள். முக்காலியும் செயின் புல்லியும், அல்லது கிரேன் கட்டாயம். தூக்கும் பட்டையும் கல்லின் விளிம்பும் உரசும் இடத்தில் சாக்கு வையுங்கள். மூலை உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

குழி 34 அங்குலம். அடியில் ஆறு அங்குலம் ஜல்லி போட்டுத் திமிசு அடித்து, அதன்மேல் நான்கு அங்குலம் 1:4:8 கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி விகிதம்). அது இறுகிய பிறகு கல்லை இறக்கி, தூக்குக்குண்டு பார்த்து, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, சுற்றி 1:2:4 கான்கிரீட் ஊற்றுங்கள். தரைமட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழேயே கான்கிரீட்டை நிறுத்தி, மேலே சரளை போடுங்கள். முட்டுகளை ஏழு நாள் எடுக்காதீர்கள், தண்ணீர் காட்டுங்கள். கரிசல் மண் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. மழையில் உப்பி, கோடையில் வெடித்து, கல்லைச் சாய்த்துவிடும். கெட்டி மண் வரும்வரை தோண்டி, கரிசலை அகற்றி மணலும் சரளையும் நிரப்பிய பிறகே அடித்தளம். பலகைகளை இணைக்க இரும்புக் கொக்கி வைக்காதீர்கள். துரு பிடித்து உப்பிக் கல்லைப் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகு மட்டும்.

இனி எழுத்து. உயரம் ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் பத்தடி தள்ளி நிற்கும் வயதானவர் படிக்க முடியாது. தமிழுக்கு மேலே இகரக் குறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரிக்கு வரி இரண்டு அங்குலம் விட வேண்டும். நான்கடி உயரம் பெயருக்கு ஒதுக்கினால் 24 வரி. ஓரம் விட்டு 30 அங்குல அகலத்தில் 25 எழுத்துக்கு மேல் நிற்காது. பெயர் அதிகம் என்றால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். இன்னொரு கல் வையுங்கள்.

கணினியில் ஸ்டிக்கர் வெட்டி மணல் பீச்சிச் செதுக்குவதுதான் இன்று எங்கும் நடக்கிறது. அதில் புள்ளிதான் பலியாகும். சிறிய வட்டம் என்பதால் காற்றழுத்தத்தில் ஸ்டிக்கர் பிய்ந்துகொள்ள, ‘சிப்பாய்’ என்பது ‘சிபபாய’ ஆகிவிடும். ண, ன சுழிகளுக்குள் இருக்கும் மெல்லிய கல் துண்டும் உடைந்து, சுழி ஒரே குழியாகும். மெல்லிசும் தடிப்பும் மாறிமாறி வரும் அலங்கார எழுத்தைத் தவிர்த்து, ஒரே தடிப்புள்ள எழுத்தை எடுங்கள். செதுக்கும் முன் கல்லின் அதே அளவில் தாளில் அச்சடித்துப் பொது இடத்தில் ஒட்டி, ஒவ்வொரு குடும்பத்தாரும் தங்கள் வரியைப் படித்துக் கையெழுத்திடட்டும். ர, ற மாறினால்கூடக் கல்லில் அழிக்க வழியில்லை. முகம் முழுவதையும் இழைத்துத்தான் திரும்பச் செதுக்க வேண்டும். தன் மகனின் பெயர் தப்பாக இருப்பதை ஒரு தாய் திறப்பு விழாவில் பார்க்கும் நிலை வரக் கூடாது.

கேள்வி: யார் பெயரைச் சேர்ப்பது, எந்த வரிசையில்? எங்கள் ஊரில் ஒருவர் போரில் அல்ல, முகாமில் நோய் வந்து இறந்தார். சேர்க்கலாமா? – அதே வாசகர்

சேருங்கள். உலகப் போர்களுக்குக் காமன்வெல்த் ஆணையம் வைத்த வரம்பே அப்படித்தான்: 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் பணியில் இருந்தபோது இறந்த படைவீரரைக் குண்டா, காய்ச்சலா என்று பிரிப்பதில்லை. புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25இல் திறந்த தேசியப் போர் நினைவகம் விடுதலைக்குப் பிந்தையவர்களுக்கானது. அதில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த வரம்பைக் கொண்டாலும் அதை ஒரு வரியில் கல்லின் அடியிலேயே எழுதிவிடுங்கள். பிற்காலச் சண்டை பாதி குறையும்.

வரிசை அகரவரிசையாகவோ இறந்த நாள் வரிசையாகவோ இருக்கட்டும். பதவி வரிசை வேண்டாம். நடுகல் அரசனுக்கும் ஒன்று, ஆயனுக்கும் ஒன்று. ஒவ்வொருவருக்கும் படை எண், பதவி, பெயர், தந்தை பெயர் முழுமையாக, பிரிவு, இறந்த இடம், நாள். தலைப்பெழுத்து மட்டும் போட்டால் முப்பது ஆண்டில் ‘எந்த முருகன்?’ என்ற கேள்வி வரும். படை எண் இருந்தால் வராது. சாதிப் பட்டம் அறவே கூடாது. விவரம் சரிபார்க்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போங்கள். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகம், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு.

கேள்வி: நினைவுக்கல்லின் உச்சியில் நான்முகச் சிங்கம், பக்கத்தில் வீரர் சிலை, இடம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய சாலையோரம். சரிதானே? – சேலம் மாவட்ட வாசகர்

மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும். நான்முகச் சிங்கம் அரசு இலச்சினை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. சாலை, நடைபாதை போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18இல் ஆணையிட்டது. நீங்கள் எவ்வளவு செலவழித்தாலும் ஒரு புகாரில் அகற்ற நேரலாம். ஊராட்சிக்குரிய வேறு இடத்தைத் தேர்ந்து, கிராம சபைத் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியர் அனுமதி எழுத்தில் வந்த பிறகே குழி தோண்டுங்கள்.

சிலைக்குப் பதில் தலைகீழாக ஊன்றிய துப்பாக்கியும் அதன்மேல் தலைக்கவசமும் செதுக்குங்கள். 1972 ஜனவரி 26இல் இந்தியா கேட்டில் திறந்த அமர் ஜவான் ஜோதியில் எல்லாரும் பார்த்த வடிவம் அது. குழல் கீழே, கட்டை மேலே. நிமிர்ந்த துப்பாக்கியைச் செதுக்கி அதன்மேல் தலைக்கவசத்தை மாட்டிவிட்டால் துக்கக்குறி என்ற பொருளே போய்விடும். சிற்பியிடம் படம் கொடுக்கும்போது குழல் முனையில் ஒரு வட்டம் போட்டே கொடுங்கள்.

கேள்வி: ஏர் ஓட்டும்போது எழுத்துள்ள ஒரு கல் கிடைத்தது. என்ன செய்வது? – திருப்பத்தூர் மாவட்ட வாசகர்

கிடந்த இடத்தில், கிடந்த நிலையில் முதலில் படம் எடுங்கள்; எந்தப் பக்கம் மேலே இருந்தது, எவ்வளவு ஆழத்தில் என்று குறியுங்கள். ஜேசிபி வைத்துப் புரட்ட வேண்டாம், எழுத்து கீழ்ப்பக்கமும் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுதிக் கொடுத்து, தொல்லியல் துறை வரும்வரை மேலே வைக்கோல் போட்டு மூடி வையுங்கள்.